உங்கள் வீட்டைப் பற்றிக் கவுண்டி சொல்வது

(கலிஃபோர்னியாவின் சான்டா கிளாரா கவுண்டியில் வீடு வாங்கியிருக்கும், வாங்கப்போகும் தமிழ்க் குடும்பங்களுக்காக சன்னிவேல் நகரில் ஆற்றிய உரை. பேச்சு நடையை அதிகம் திருத்தாமல் அச்சிடுகிறோம்.)



இந்த நாட்டில் வீடு வாங்கிய பிள்ளையிடம் ஊரிலிருந்து அப்பா கேட்கும் முதல் கேள்வி விலை. இரண்டாவது கேள்வி, "பட்டா உன் பேருக்கு மாறிடுச்சா?" என்பது. இங்கே பட்டாவே கிடையாது என்று சொன்னால் அவருக்குத் தூக்கம் போய்விடும் என்று பயந்து, "ஆயிடுச்சுப்பா" என்று சொல்லிவிடுகிறோம். இந்த அரங்கில் அப்படிச் சொன்னவர்கள் பத்துப் பேராவது இருப்பீர்கள். சரி, பட்டா இல்லாத ஊரில் ஒரு வீடு யாருடையது என்பதை எது சொல்கிறது? அந்த வீட்டுக்கு இவ்வளவு வரி என்பதை யார், எதை வைத்து முடிவு செய்கிறார்? இரண்டுக்கும் விடை கவுண்டி ஏடுகளில் இருக்கிறது. அவை பொது ஏடுகள், யாரும் போய்ப் பார்க்கலாம். பார்க்கிறவர்கள்தான் குறைவு.

அவற்றைப் படிப்பதற்கு ஒரே ஒரு மனநிலை போதும். ஏட்டில் இருக்கும் ஒவ்வொரு தாளையும் யாரோ ஒருவர் கொடுத்த வாக்குமூலமாக எடுத்துக்கொள்ளுங்கள். பத்திரம், விற்றவர் கொடுத்தது. மதிப்பீடு, ஓர் அதிகாரி கொடுத்தது. வாக்குமூலத்தைக் குறுக்குவிசாரணை செய்யலாம். இன்றைக்கு நான் சொல்லப்போவதெல்லாம் அந்தக் குறுக்குவிசாரணை எப்படி நடக்கிறது என்பதுதான்.

நம் ஊரில் இரண்டு துறைகள். பத்திரம் சார்பதிவாளர் அலுவலகத்தில், பட்டா வருவாய்த்துறையில். இரண்டும் ஒன்றுக்கொன்று முரண்பட்டால் நமக்குத் தாலுகா ஆபீஸ் படி தேயும். இங்கே கவுண்டிக்குள்ளேயே மூன்று மேசைகள். ரெக்கார்டர் பத்திரத்தை வாங்கிப் பதிவு செய்கிறார். அசெசர் வீட்டுக்கு மதிப்புப் போடுகிறார். டேக்ஸ் கலெக்டர் பணம் வாங்குகிறார். வாஷிங்டனில் இருக்கும் மத்திய அரசுக்கு உங்கள் வீட்டுப் பத்திரத்தோடு எந்தச் சம்பந்தமும் இல்லை. மாநிலம் சட்டம் போடும், ஏட்டைக் கவுண்டி வைத்துக்கொள்ளும். இப்படி மூவாயிரத்துக்கும் மேற்பட்ட கவுண்டிகள் இந்த நாட்டில் உண்டு. லூசியானாவில் அதற்குப் பெயர் பாரிஷ். கனெக்டிகட்டில் கவுண்டி வெறும் வரைபடக் கோடு, ஏடுகள் அந்தந்த ஊர் அலுவலகத்தில் இருக்கும். ஆகையால் ஒரு மாநிலத்தில் கற்றுக்கொண்டதை இன்னொரு மாநிலத்தில் அப்படியே பொருத்திப் பார்க்காதீர்கள். நான் பேசுவது பெரும்பாலும் சான்டா கிளாராவைப் பற்றி. நடுவில் டெக்சாஸுக்கு ஒரு நடை போய்வருவோம், ஏனென்றால் உங்களில் பலருக்கு அங்கேயும் ஒரு வீடு இருக்கிறது, அல்லது அங்கே குடிபோகும் எண்ணம் இருக்கிறது.

முதலில் ரெக்கார்டர். இவர் எதைச் சரிபார்க்கிறார் தெரியுமா? கையெழுத்துக்கு நோட்டரி சான்று இருக்கிறதா, கட்டணம் கட்டியாயிற்றா, தாள் பதிவுக்கு ஏற்ற வடிவத்தில் இருக்கிறதா, அவ்வளவுதான். எழுதிக்கொடுத்தவருக்கு அந்த வீடு சொந்தமா என்று அவர் பார்ப்பதில்லை, பார்க்கச் சட்டமும் சொல்லவில்லை. மலேசியாவிலிருந்தோ சிங்கப்பூரிலிருந்தோ வந்தவர்களுக்கு இது அதிர்ச்சியாக இருக்கும். அங்கே டாரன்ஸ் முறை. ராபர்ட் டாரன்ஸ் என்பவர் 1858-இல் தெற்கு ஆஸ்திரேலியாவில் கொண்டுவந்தது. அரசுப் பதிவேட்டில் உங்கள் பெயர் இருந்தால் வீடு உங்களுடையது, அதற்கு அரசே பொறுப்பு. அமெரிக்காவில் சில இடங்களில் அதை முயன்று பார்த்தார்கள். சிகாகோ இருக்கும் குக் கவுண்டி பல பத்தாண்டுகள் நடத்திவிட்டு மூடிவிட்டது. மற்றபடி இந்த நாட்டில் பெரும்பாலும் ஏடு என்பது தாள்களைத் தேதிவாரியாகச் சேர்த்து வைக்கும் இடம். உரிமை யாருடையது என்று முடிவுகட்டுவது படிப்பவரின் வேலை.

அந்த இடைவெளியில் பிழைப்பதுதான் டைட்டில் கம்பெனி. நம் ஊரில் வில்லங்கச் சான்று வாங்கி, தாய்ப்பத்திரத்திலிருந்து வரிசையாக வக்கீல் பார்ப்பாரே, அதை இங்கே அவர்கள் செய்கிறார்கள். செய்துவிட்டு, "நாங்கள் பார்த்ததில் தவறு இருந்தால் நஷ்டஈடு தருகிறோம்" என்று ஒரு காப்பீட்டையும் விற்கிறார்கள். கடன் கொடுக்கும் வங்கி தன் பங்குக்கு ஒரு பாலிசி கட்டாயம் கேட்கும். அது வங்கியைக் காக்கும், உங்களைக் காக்காது. உங்களுக்கென்று தனி ஓனர்ஸ் பாலிசி உண்டு. கையெழுத்துப்போடும் தாள்மலையில் அது இருக்கிறதா என்று தேடிப்பாருங்கள். அந்தக் கட்டில் ப்ரிலிமினரி டைட்டில் ரிப்போர்ட் என்றும் ஒன்று இருக்கும். பெரும்பாலானோர் அதைத் திறப்பதே இல்லை. என்னைக் கேட்டால், வீட்டுத் தரையில் டைல்ஸ் என்ன நிறம் என்று பார்க்கும் நேரத்தில் பாதியை அதற்குக் கொடுக்கலாம். மின் கம்பெனிக்கு உங்கள் பின்கட்டில் வழியுரிமை இருக்கிறதா, பக்கத்து வீட்டுக்காரர் உங்கள் நிலத்தின் வழியே வண்டி ஓட்டலாமா என்பதெல்லாம் அதில்தான் இருக்கும்.

சரி, நாமே ஏட்டைத் தேடுவது எப்படி? ரெக்கார்டர் அலுவலகத்தில் முகவரியை வைத்துத் தேட முடியாது என்று வைத்துக்கொள்ளுங்கள். அங்கே அட்டவணை பெயரில் ஓடுகிறது. கொடுத்தவர் பெயர் ஒரு பக்கம், பெற்றவர் பெயர் ஒரு பக்கம். இன்றைய உரிமையாளரைப் பெற்றவர் பட்டியலில் தேடினால் அவருக்கு விற்றவர் பெயர் கிடைக்கும். அந்தப் பெயரை மறுபடி பெற்றவர் பட்டியலில் தேடினால் அவருக்கு முந்தியவர். இப்படியே பின்னோக்கிப் போகலாம். அடுத்து அதே பெயர்களைக் கொடுத்தவர் பட்டியலில் வைத்து முன்னோக்கி வர வேண்டும். அவர்கள் தங்கள் காலத்தில் வீட்டின்மேல் யாருக்கு எதை எழுதிக்கொடுத்தார்கள் என்பது அப்போதுதான் தெரியும். இங்கே நம் பெயர்கள் ஒரு தனித் தொல்லை. இனிஷியல் முன்னால் ஒரு தாளில், அப்பா பெயர் பின்னால் இன்னொரு தாளில், முழுப்பெயரும் ஒரே சொல்லாக மூன்றாவது தாளில். ஒரே ஆளை அட்டவணை மூன்று ஆளாக எண்ணிக்கொள்ளும். பாஸ்போர்ட்டில் இருக்கும் எழுத்துக்கூட்டலையே எல்லாப் பத்திரத்திலும் வைத்துக்கொள்ளுங்கள், பிள்ளைகள் உங்களை வாழ்த்துவார்கள்.

முகவரி மட்டும்தான் கையில் இருக்கிறது என்றால் அசெசரிடம் போங்கள். அவருடைய இணையப் பக்கத்தில் முகவரி கொடுத்தால் பார்சல் எண் வரும். சான்டா கிளாராவில் அது எட்டு இலக்கம். முதல் மூன்று வரைபடப் புத்தகத்தின் எண், அடுத்த இரண்டு பக்கம், கடைசி மூன்று அந்தப் பக்கத்தில் உங்கள் மனை. அந்தப் பக்கத்தின் படத்தையும் பார்க்கலாம். ஆனால் அந்தப் படத்தைக் காட்டி வேலித் தகராறு செய்யாதீர்கள். அது வரி போடுவதற்காக வரைந்தது. எல்லையைச் சொல்லும் அதிகாரம் பத்திரத்தில் உள்ள சட்ட விவரத்துக்கும், சர்வேயர் நட்ட கல்லுக்கும்தான் உண்டு. கலிஃபோர்னியாவின் பெரும்பாலான கவுண்டிகள் உரிமையாளர் பெயரை இணையத்தில் காட்டுவதில்லை என்பதையும் நினைவில் வையுங்கள். டெக்சாஸில் காட்டுவார்கள், தயக்கமே இல்லாமல்.

இப்போது ஒரு பத்திரத்தைக் கையில் எடுப்போம். கலிஃபோர்னியாவில் சாதாரண விற்பனைக்கு கிராண்ட் டீட். இதை எழுதிக்கொடுப்பவர், "இதற்கு முன் வேறு யாருக்கும் நான் இதை எழுதிக்கொடுக்கவில்லை, உங்களுக்குச் சொல்லாத வில்லங்கத்தை நான் ஏற்றிவைக்கவும் இல்லை" என்ற அளவுக்காவது உறுதி தருகிறார். குவிட்கிளெய்ம் டீட் என்று ஒன்று உண்டு. அதில் உறுதி எதுவும் கிடையாது. "எனக்கு இதில் ஏதாவது உரிமை இருந்தால் அதை விட்டுத்தருகிறேன்" என்பது மட்டுமே. ஒன்றும் இல்லாதவரும் அதை எழுதிக்கொடுக்கலாம், சட்டப்படி அது பொய் ஆகாது! கணவன் மனைவிக்கு இடையிலும், விவாகரத்திலும், குடும்ப டிரஸ்டுக்கு மாற்றும்போதும் அது பயன்படும். முன்பின் தெரியாதவரிடம் விலைகொடுத்து வாங்கும்போது அது வந்தால் நின்று யோசியுங்கள்.

பத்திரத்தில் விலை எழுதியிருக்காது. ஆனால் முதல் பக்கத்தின் மேல்பகுதியில் டாகுமென்டரி டிரான்ஸ்ஃபர் டேக்ஸ் என்று ஒரு தொகை இருக்கும். கவுண்டி விகிதம் ஆயிரம் டாலருக்கு 1.10 டாலர். அங்கே 2,200 என்று இருந்தால் வீடு 20 லட்சம் டாலருக்குக் கைமாறியிருக்கிறது. பக்கத்தில் ஒரு கட்டத்தில் குறியிட்டிருப்பார்கள். முழு மதிப்பின்மேல் கணக்கிட்டதா, தொடரும் கடனைக் கழித்துக் கணக்கிட்டதா என்று அது சொல்லும். அதையும் பாருங்கள். சான் ஹோசே போன்ற நகரங்கள் தம் பங்குக்குத் தனியாக ஒரு வரி போடுகின்றன. இரண்டையும் கூட்டிக் கணக்குப் போட்டால் பக்கத்து வீட்டுக்காரர் கோடீஸ்வரர் ஆகிவிடுவார்.

வீட்டுக் கடனுக்கு இங்கே டீட் ஆஃப் டிரஸ்ட் எழுதுகிறார்கள். கடன் அடைந்ததும் ரீகன்வேயன்ஸ் என்ற தாள் பதிவாக வேண்டும். அது பதிவாகாத வரை ஏட்டில் அந்தக் கடன் உயிரோடு இருக்கும், நீங்கள் கடைசித் தவணை கட்டிப் பத்து வருடம் ஆனாலும். கடனை அடைத்தவர்கள் சில மாதம் கழித்து அட்டவணையில் தங்கள் பெயரைப் போட்டு அந்தத் தாள் வந்திருக்கிறதா என்று பார்ப்பது நல்லது. சமையலறையை மாற்றிக் கட்டிய கான்ட்ராக்டருக்கும் உங்களுக்கும் சண்டை வந்தால் அவர் மெக்கானிக்ஸ் லியன் போடலாம். அதுவும் ஏட்டில் ஏறும்.

வீடு வாங்கிச் சில வாரத்தில் அரசு முத்திரை மாதிரி ஒன்றோடு ஒரு கடிதம் வரும். உங்கள் பத்திரத்தின் சான்றிட்ட நகல் வேண்டுமானால் நூறு டாலருக்கு மேல் அனுப்புங்கள் என்று இருக்கும். அது கவுண்டியிலிருந்து வந்ததாக இருக்காது. ரெக்கார்டரே சில டாலருக்கு அதே நகலைத் தருவார். பொது ஏடு என்றால் வியாபாரிகளுக்கும் பொதுதானே. உங்கள் பெயரும் முகவரியும் வாங்கிய தேதியும் அவர்களுக்கு அங்கிருந்துதான் கிடைத்தது.

ஏடு சொல்வது எப்போதும் நடந்ததைத்தான் என்று நம்பிவிடாதீர்கள் என்பதற்கு நம்மவர் சரித்திரத்திலேயே சாட்சி இருக்கிறது. 1913-இல் கலிஃபோர்னியா ஒரு நிலச் சட்டம் போட்டது. குடியுரிமை பெறத் தகுதியில்லாத வெளிநாட்டவர் நிலம் வாங்கக் கூடாது. குறி முதலில் ஜப்பானியர்மேல். 1923-இல் பகத் சிங் திந்த் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் இந்தியர்கள் வெள்ளையர் அல்லர், குடியுரிமைக்குத் தகுதியில்லை என்று சொன்னதும் அந்தச் சட்டம் நம்மவர்மேலும் பாய்ந்தது. தெற்கே இம்பீரியல் பள்ளத்தாக்கில் பருத்தியும் முலாம்பழமும் விளைவித்துக்கொண்டிருந்த பஞ்சாபி விவசாயிகள் என்ன செய்தார்கள்? நம்பிக்கையான வெள்ளை வக்கீல், வங்கிக்காரர் பெயரில் நிலத்தை வைத்தார்கள். மெக்சிகப் பெண்களை மணந்து, இங்கே பிறந்து குடியுரிமை பெற்ற பிள்ளைகளின் பெயரில் வாங்கினார்கள். உழுதவன் ஒருவன், ஏட்டில் இருப்பவன் வேறொருவன். ஊருக்கே தெரியும், கவுண்டி ஏட்டுக்குத் தெரியாது. அந்தக் காலத்துப் பக்கங்களை மட்டும் படிக்கிற ஆராய்ச்சியாளர் அங்கே இந்திய விவசாயிகள் நிலம் வைத்திருக்கவே இல்லை என்று முடிவுகட்டிவிடலாம். 1946-இல் குடியுரிமைக் கதவு திறந்தது. 1952-இல் சேய் ஃபூஜி என்பவர் தொடுத்த வழக்கில் கலிஃபோர்னியா உச்ச நீதிமன்றம் நிலச் சட்டத்தையே செல்லாது என்றது.

அதே ஏடுகளில் இன்னொரு வகைத் தாளும் கிடக்கிறது. இந்த மனையில் வெள்ளையர் அல்லாதோர் குடியிருக்கக் கூடாது, வேலைக்காரராக இருந்தால் மட்டும் சரி என்ற நிபந்தனை. இப்போது நாம் குடியிருக்கும் பல பேட்டைகளின் பழைய பத்திரங்களில் இருக்கும். 1948-இல் ஷெல்லி எதிர் க்ரேமர் வழக்கில், நீதிமன்றங்கள் இதை அமல்படுத்த முடியாது என்றாயிற்று. 1968-இல் வீட்டுரிமைச் சட்டம் அதைச் சட்டவிரோதமாக்கியது. ஆனால் தாளில் எழுத்து அப்படியே இருந்தது. 2021-இல் கலிஃபோர்னியா போட்ட சட்டம், கவுண்டிகளே தேடிப்பிடித்து இவற்றை நீக்க வேண்டும் என்கிறது. சான்டா கிளாராவின் லட்சக்கணக்கான பக்கங்களை மனிதர் படித்தால் வருடக்கணக்கில் ஆகும் என்பதால் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகக் குழு ஒன்று அதற்குச் செயற்கை நுண்ணறிவைப் பயன்படுத்தியது. ஆயிரக்கணக்கில் சிக்கின. உங்கள் டைட்டில் ரிப்போர்ட்டிலும் இருக்கக்கூடும். ரெக்கார்டரிடம் விண்ணப்பித்து நீக்கச் சொல்லலாம். மூலப் படியை ஆவணமாக வைத்துக்கொள்வார்கள், அது நல்லதுதான் என்பது என் எண்ணம்.

இனி வரி. இங்கேதான் கூட்டம் நிமிர்ந்து உட்காரும் என்று தெரியும்.

கலிஃபோர்னியாவில் 1978 ஜூன் 6 அன்று வாக்காளர்கள் ப்ரொபொசிஷன் 13-ஐ நிறைவேற்றினார்கள். ஹோவர்ட் ஜார்விஸ், பால் கான் என்ற இருவர் முன்னின்று நடத்திய இயக்கம். ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு வாக்கு. அது சொல்வது சுருக்கமாக இதுதான். அடிப்படை வரி மதிப்பில் 1 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. மதிப்பு என்பது நீங்கள் வாங்கியபோது இருந்த மதிப்பு. அதன்பின் வருடத்துக்கு அதிகபட்சம் 2 சதவீதம்தான் ஏறலாம். வீடு கைமாறினாலோ புதிதாகக் கட்டினாலோ மட்டும் சந்தை விலைக்கு மறுமதிப்பீடு. ஏற்கெனவே வீடு வைத்திருந்தவர்களுக்கு 1975-ஆம் ஆண்டு மதிப்பு அடிப்படையானது.

கணக்குக்காக, 1975-இல் 70,000 டாலர் மதிப்பில் ஒரு வீடு. வருடம் தவறாமல் 2 சதவீதம் ஏறினாலும் ஐம்பது வருடத்தில் அது சுமார் 1,88,000 ஆகும். அடிப்படை வரி 1,880 டாலர். அடுத்த வீட்டை, அதே அளவு, அதே மரம் வாசலில், நீங்கள் 20 லட்சத்துக்கு வாங்குகிறீர்கள். உங்கள் அடிப்படை வரி 20,000 டாலர். ஒரே தெரு, ஒரே பள்ளி, ஒரே தீயணைப்பு நிலையம். இது நியாயமா என்று லாஸ் ஏஞ்சலஸில் 1988-இல் வீடு வாங்கிய ஸ்டெஃபனி நார்ட்லிங்கர் அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை போய்க் கேட்டார். பழைய அண்டைவீட்டார் சிலர் கட்டுவதைப் போல ஏறக்குறைய ஐந்து மடங்கு அவர் கட்டிக்கொண்டிருந்தார். 1992-இல் நீதிமன்றம் எட்டுக்கு ஒன்று என்ற கணக்கில் அரசமைப்புக்கு இது முரணில்லை என்றது. வயதானவர்கள் வரியால் வீட்டை விட்டுத் துரத்தப்படக் கூடாது என்ற நோக்கம் ஏற்கத்தக்கதுதான். ஆனால் அந்தச் சலுகை வணிக வளாகங்களுக்கும் கம்பெனி நிலங்களுக்கும் சேர்த்துப் போய்க்கொண்டிருப்பதை நான் ஒருநாளும் ஒப்புக்கொண்டதில்லை. 2020-இல் அதை மாற்ற ஒரு முயற்சி வாக்கெடுப்புக்கு வந்து, தோற்றுப்போனது.

ஆக, இந்த மாநிலத்தில் அசெசர் காட்டும் மதிப்பைப் பார்த்து ஒரு வீட்டின் சந்தை விலையை ஊகிக்காதீர்கள். அந்த எண் சொல்வது, இந்த வீடு எவ்வளவு காலமாக ஒரே கையில் இருக்கிறது என்பதை.

புதிதாக வாங்கியவர்களைத் தடுமாற வைப்பது சப்ளிமென்டல் பில். நீங்கள் குடிபோனதும் வரும் முதல் வரிச்சீட்டு பெரும்பாலும் பழைய உரிமையாளரின் மதிப்பில் இருக்கும். "பரவாயில்லையே" என்று மகிழ்ந்து சோபா வாங்குவீர்கள். பிறகு அசெசர் உங்கள் விலைக்கு மறுமதிப்பீடு செய்து, வாங்கிய தேதியிலிருந்து வித்தியாசத்துக்குத் தனிச்சீட்டு அனுப்புவார். ஜனவரி முதல் மே வரை வாங்கியவர்களுக்கு இரண்டு சீட்டு வரலாம். இதில் கவனிக்க வேண்டியது, வங்கி மாதாமாதம் வரிக்காகப் பிடித்துவைக்கும் கணக்கிலிருந்து இது பொதுவாகப் போகாது. சீட்டு உங்கள் பெயருக்கு வரும், நீங்கள்தான் கட்ட வேண்டும்.

வரிச்சீட்டில் மதிப்பைச் சாராத வரிகளும் கீழே வரிசையாக இருக்கும். புதிய குடியிருப்புகளில் மெல்லோ-ரூஸ் என்பது பெரிய தொகை. 1982-ஆம் வருடச் சட்டம், கொண்டுவந்த இரு சட்டமன்ற உறுப்பினர்களின் பெயர். சாலை, பூங்கா, பள்ளிக்கு வாங்கிய கடனை அந்தப் பேட்டைக்காரர்களே பல வருடம் அடைக்கிறார்கள். வீட்டின் மதிப்பைக் குறைத்துக்காட்டி மேல்முறையீடு செய்தாலும் இது குறையாது.

சந்தை விழுந்தால்? அதே 1978 நவம்பரில் வந்த ப்ரொபொசிஷன் 8 அதற்கு. ஜனவரி 1 அன்று சந்தை விலை உங்கள் வரி மதிப்பைவிடக் கீழே இருந்தால், அசெசர் தற்காலிகமாகக் குறைக்க வேண்டும். 2008-க்குப் பிந்தைய வருடங்களில் ஏராளமான வீடுகளுக்கு அப்படிக் குறைந்தது. பிறகு சந்தை எழுந்தபோது ஒரே வருடத்தில் 10, 15 சதவீதம் ஏறியதும் "2 சதவீதம்தானே உச்சவரம்பு?" என்று பலர் கொதித்தார்கள். குறைக்காமல் இருந்திருந்தால் எங்கே இருந்திருக்குமோ அந்த அளவு வரை அது எவ்வளவு வேகமாகவும் ஏறலாம். உச்சவரம்பு அந்தக் கோட்டுக்குத்தான்.

அசெசர் கடிதம் கோடையில் வரும். ஒப்பவில்லை என்றால் முதலில் அவரிடமே மறுபரிசீலனை கேளுங்கள். அதில் செலவில்லை. அதோடு நின்றுவிடாமல், மேல்முறையீட்டு வாரியத்துக்கான கெடுவையும் குறித்துவையுங்கள். சான்டா கிளாராவில் ஜூலை 2 முதல் செப்டம்பர் 15 வரை. வேறு கவுண்டிகளில் நவம்பர் 30 வரை இருக்கலாம். ஒப்பீட்டுக்கு நீங்கள் காட்டும் விற்பனைகள் மதிப்பீட்டுத் தேதிக்கு 90 நாளுக்குமேல் பிந்தியதாக இருக்கக் கூடாது. ஆகவே ஜூலையில் எதிர்வீடு மலிவாகப் போனதை ஜனவரி 1 மதிப்புக்குச் சாட்சியாகக் கொண்டுபோனால் கேட்க மாட்டார்கள். மேல்முறையீடு நடக்கும்போதும் வரியைக் கட்டிவிட வேண்டும். வென்றால் திரும்ப வரும்.

டெக்சாஸ் இதற்கு நேர் எதிர். அங்கே மதிப்பு வருடாவருடம் சந்தையைத் துரத்தும். 1979-இல் வந்த சட்டம், மதிப்புப் போடும் வேலையைக் கவுண்டிக்கு ஒன்றாக அப்ரெய்சல் டிஸ்ட்ரிக்ட் என்ற தனி அமைப்பிடம் கொடுத்தது. ஃபிரிஸ்கோ போன்ற ஊர் காலின், டென்டன் என்று இரண்டு கவுண்டியில் கிடப்பதால், அடுத்தடுத்த பேட்டைக்காரர்கள் வேறு வேறு அலுவலகத்துக்குப் போக வேண்டியிருக்கும். வேடிக்கை என்னவென்றால், வருடாவருடம் சந்தை மதிப்புப் போடுகிற அந்த மாநிலத்தில் விற்பனை விலையை அரசுக்குச் சொல்ல வேண்டிய கட்டாயம் இல்லை. பத்திரத்தில் "பத்து டாலரும் பிற மதிப்புள்ள கைம்மாறும்" என்ற பாணியில் எழுதிவிட்டுப் போவார்கள். இங்கே பத்திரத்தில் விலையைக் கண்டுபிடிக்கலாம், அசெசர் மதிப்பு பழசு. அங்கே மதிப்பு புதுசு, விலையைக் காண வழியில்லை.

அங்கே வீட்டைச் சொந்தக் குடியிருப்பாக வைத்திருப்பவர் முதலில் ஹோம்ஸ்டெட் விலக்குக்கு விண்ணப்பிக்க வேண்டும். பள்ளி வரிக்கான விலக்கு 2023-இல் ஒரு லட்சம் டாலராகவும், 2025 நவம்பர் வாக்கெடுப்பில் 1,40,000 டாலராகவும் உயர்ந்தது. இதோடு, வரி மதிப்பு வருடத்துக்கு 10 சதவீதத்துக்குமேல் ஏறக் கூடாது என்ற காப்பும் கிடைக்கும். விண்ணப்பிக்க ஒரு காசு கட்டணம் இல்லை. கட்டணம் கேட்டுக் கடிதம் வந்தால் குப்பைக்கூடை. வாடகைக்கு விட்டிருக்கும் வீட்டுக்கு இந்த விலக்கு கிடையாது என்பதையும், இங்கிருந்துகொண்டே அங்கே வீடு வாங்கியவர்கள் காதில் போட்டுக்கொள்ளுங்கள்.

டெக்சாஸில் மதிப்பை எதிர்த்துக் கொடுக்கும் புரோடெஸ்டுக்குக் கெடு பொதுவாக மே 15, அல்லது நோட்டீஸ் அனுப்பியதிலிருந்து 30 நாள், எது பிந்தியதோ அது. போகும் முன், டிஸ்ட்ரிக்ட் உங்களுக்கு எதிராகக் காட்டப்போகும் சான்றுகளை எழுதிக் கேளுங்கள். விசாரணைக்குக் குறைந்தது 14 நாள் முன்பு தர வேண்டும். வெளியே கிடைக்காத விற்பனை விவரங்களும், அவர்கள் எந்த வீடுகளை வைத்துக் கணக்கிட்டார்கள் என்பதும் அதில் தெரியும். இன்னொரு வாதமும் உண்டு. சந்தை விலையே அதுதான் என்றாலும், ஒப்பிடத்தக்க வீடுகளுக்குப் போட்ட மதிப்புகளின் நடு எண்ணைவிட எனக்கு அதிகம் போட்டிருக்கிறீர்கள் என்று வாதாடலாம். அனுபவப்பட்டவர்கள் இதைத்தான் அதிகம் பயன்படுத்துகிறார்கள்.

எந்த மாநிலமானாலும் முதலில் பார்க்க வேண்டியது உங்கள் வீட்டின் விவர அட்டை. சதுர அடி சரியா, குளியலறை எத்தனை, நீச்சல்குளம் இருக்கிறதாக எழுதியிருக்கிறார்களா, கட்டிய வருடம் எது. மதிப்பு அதிகம் என்று வாதாடுவது அபிப்பிராயத்தோடு அபிப்பிராயம் மோதுவது. இல்லாத குளியலறையை இல்லை என்று காட்டுவதற்கு ஒரு புகைப்படம் போதும். அனுமதி வாங்காமல் நீங்களே கட்டிச் சேர்த்த அறை அட்டையில் இல்லை என்றால், அதை நான் இந்த மேடையிலிருந்து பேசப்போவதில்லை.

பெற்றோர் வீடு பிள்ளைகளுக்குப் போகும் விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். கலிஃபோர்னியாவில் முன்பு பெற்றோரின் குறைந்த வரி மதிப்பு பிள்ளைக்கு அப்படியே வரும். 2021 பிப்ரவரி 16 முதல் ப்ரொபொசிஷன் 19 அதைச் சுருக்கிவிட்டது. பிள்ளை அந்த வீட்டில் குடியிருக்க வேண்டும், அப்போதும் ஓர் அளவுக்குமேல் மறுமதிப்பீடு. வாடகைக்கு விட்டால் முழு மறுமதிப்பீடு. உங்கள் பெயரில் நீங்களே வைத்துக்கொள்ளும் ரத்துசெய்யத்தக்க டிரஸ்டுக்கு மாற்றுவது கைமாற்றம் ஆகாது. "பையன் பேரையும் பத்திரத்தில் சேர்த்துவிடுவோமே" என்று ஊர்ப்பழக்கத்தில் ஒரு குவிட்கிளெய்ம் எழுதுபவர்கள், எழுதும் முன் ஒரு வக்கீலைப் பாருங்கள். வரி மட்டுமல்ல, பையனுடைய கடன்காரர்களும் அந்த வீட்டுக்குள் வருவார்கள்.

கடைசி மேசை, டேக்ஸ் கலெக்டர். இங்கே முதல் தவணை நவம்பர் 1-இல் விழும், டிசம்பர் 10 தாண்டினால் 10 சதவீத அபராதம். இரண்டாவது பிப்ரவரி 1, கெடு ஏப்ரல் 10. சீட்டு கிடைக்கவில்லை என்பது காரணமாகச் செல்லாது. சீட்டு கவுண்டி ஏட்டில் இருக்கும் அஞ்சல் முகவரிக்குப் போகும். குடிமாறியவர்கள் அதை மாற்றாவிட்டால் அது பழைய வாசலில் கிடக்கும்.

கட்டாமல் விட்டால் எதுவரை போகும்? மின்னெசோட்டாவில் ஹெனப்பின் கவுண்டியில் ஜெரால்டின் டைலர் என்ற முதிய பெண்மணி ஒரு சிறிய அடுக்குமாடி வீட்டை விட்டு முதியோர் குடியிருப்புக்குப் போய்விட்டார். பழைய வீட்டின் வரி நின்றது. சுமார் 2,300 டாலர் வரி, அபராதமும் வட்டியும் செலவும் சேர்ந்து 15,000 ஆயிற்று. கவுண்டி வீட்டை எடுத்து 40,000-க்கு விற்று, மிச்சம் 25,000-ஐயும் தானே வைத்துக்கொண்டது. 2023 மே மாதம் உச்ச நீதிமன்றம் ஒருமனதாக, வரிப் பாக்கிக்குமேல் எடுத்தது பறிப்பு என்று தீர்ப்பளித்தது. அப்போது அவருக்கு வயது 94. தீர்ப்பு மிச்சப் பணத்தைப் பற்றியதுதான். பாக்கிக்காக வீட்டை விற்கும் அதிகாரம் கவுண்டிக்கு இன்னும் இருக்கிறது.

நேரமாயிற்று. இப்போது கேள்விகள். பார்சல் எண் கையில் வைத்திருப்பவர்கள் முதலில் வாருங்கள், திரையில் போட்டுச் சேர்ந்து பார்க்கலாம். மற்றவர்கள் அதற்குள் போனில் முகவரியைப் போட்டு எண்ணை எடுத்து வையுங்கள்.